அவர் விட்டுப்போன பை

பைக்குள் கையை விட்டதும் உள்ளே ஈரம் என்றுதான் ரெனிதா முதலில் நினைத்தாள். கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஈரமில்லை. குளிர்ச்சி.

மே மாதத்துப் பிற்பகல் அது. அயனம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கி, கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காலையிலிருந்து மொட்டை மாடியில் ஏறிய வெயில் தளத்தின் வழியாக மெல்ல அறைக்குள் இறங்க, மின்விசிறி அந்த வெக்கையையே திரும்பத் திரும்ப வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த ஏசி போன வருஷமே செத்துப்போய் வெறும் பெட்டியாகத் தொங்கியது. கட்டில் கம்பி, பீரோ கைப்பிடி, தலையணை, எதைத் தொட்டாலும் ஜுரக்காரன் நெற்றியைத் தொடுவது போல இருந்தது. கட்டில்மேல் விரித்திருந்த, மலைக்குளிரில் உள்ளே நுழைந்து படுக்கும் அந்த ஸ்லீப்பிங் பேக்கின் வெளித்துணிகூடச் சூடாகத்தான் இருந்தது. உள்ளே மட்டும் வேறு.

மறுபடியும் கையை விட்டாள். கழுத்துப் பக்கம் லேசான குளிர். முழங்கை வரை உள்ளே போனபோது இன்னும் அதிகம். கால் மாட்டுப் பக்கம் கை எட்டவில்லை. நல்ல சரக்கென்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், இரும்புப் பாகங்களைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கும் ஒரு கம்பெனியில். ஆறி வரும் பாகங்களைச் சோதிப்பது அவள் பொறுப்பு. உலைக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவள், நாற்பதைத் தொடப்போகிறாள். கல்யாணம் அமையவில்லை, பிறகு அதைப் பற்றிப் பேசுவதும் நின்றுபோனது. அப்பா இறந்த பின் அம்மா ஞானகுமாரியும் அவளும்தான். வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை பூசை, அம்மாவின் மூட்டுவலி மருந்து என்று ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், யாரிடமும் கேட்காமல் அவள் எடுத்த முதல் முடிவு இந்தப் பயணம். அக்டோபர் கடைசியில், சுற்றுலாக் கூட்டமெல்லாம் இறங்கிப்போன பிறகு, வடக்கே பனிமலைகளுக்கு நடுவே ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் தனியாக நடப்பது. தன் மூச்சுக்காற்று தன் முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் புகைவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வருஷக்கணக்காக உலைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஆசை வந்ததில் அதிசயமில்லை.

கம்பெனியில் பிரசன்னா என்று ஒருவன், வருஷா வருஷம் மலைக்குப் போகிறவன். தனியாகப் போவதென்றால் விளையாட்டில்லை, அங்கே உதவிக்கு ஆளிருக்காது, கையும் காலும் தன்னால் எல்லாம் செய்யப் பழகியிருக்க வேண்டும் என்று அவன்தான் எச்சரித்தான். அதன்படி அவள் விடிகாலையில் முதுகுப்பைக்குள் அரிசி மூட்டையைத் திணித்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி நடந்தாள். தடித்த கையுறை போட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைக்கவும், கண்ணை மூடிக்கொண்டு கூடாரத்தின் கம்பிகளைக் கோக்கவும் கற்றுக்கொண்டாள். கீழ்வீட்டு லோகநாயகி வாசல் தெளிக்கும்போது பார்த்துவிட்டு, "இன்னா ரெனி, மூட்டையத் தூக்கினு தினம் எங்கம்மா போற? ஊட்டுல சண்டையா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

எல்லாம் சேர்ந்துவிட்டது. கடுங்குளிர் தாங்கும் ஸ்லீப்பிங் பேக் மட்டும்தான் பாக்கி. பழைய சாமான்கள் விற்கும் ஒரு இணையக் குழுவில் அது கிடைத்தது. திருவேற்காட்டில் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. விற்றவள் பெயர் தாட்சாயிணி.

அன்று அங்கே போனபோது இரண்டு விஷயங்கள் அவளுக்கு வினோதமாகப் பட்டன. அந்த அம்மாள் அந்த வெயிலில் முழுக்கை ஸ்வெட்டரும் காலுறையும் போட்டிருந்தாள், உதடு வெளுத்திருந்தது. காய்ச்சல் என்று ரெனிதா நினைத்தாள். இன்னொன்று, பை வீட்டுக்குள் இல்லை. கொல்லையில் துணி துவைக்கும் கல் பக்கம், கொளுத்தும் வெயிலில், கயிற்றால் கட்டி மேலே செங்கல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. தாட்சாயிணி அதைத் தொடவில்லை. விரலால் காட்டினாள். தன் கணவர் ஜானகிராமன் மலைக்குப் போவதற்காக வாங்கியது, கடைசி நேரத்தில் முதுகுப்பையில் இடம் போதாமல் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டு இதை விட்டுப்போனார், ஒருதடவைகூட யாரும் படுத்ததில்லை என்றாள். விலையில் அவள் ஒரு பேச்சும் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நானும் எங்கம்மாவும்க்கா."

"ரெண்டு பேரு." அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது போலத் தலையசைத்தாள். "சரி. எடுத்துட்டுப் போங்க."

யாரும் படுத்ததில்லை என்று சொன்ன பைக்குள் அடைத்திருந்த இறகுகள் ஒரு பக்கமாக அமுங்கியிருந்ததை ரெனிதா வீட்டுக்கு வந்துதான் கவனித்தாள். ஒருக்களித்துப் படுத்த ஒரு ஆளின் நீளத்துக்கு.

*

சென்னையில் அதற்குள் படுக்கவே முடியாது, வெந்துபோவீர்கள், இருட்டில் ஜிப்பைத் தடவித் திறந்து மூடப் பழகுவதற்கு மட்டும் கொஞ்ச நேரம் படுங்கள் என்று பிரசன்னா சொல்லியிருந்தான். முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீடு வந்ததும் ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, அவள் உள்ளே நுழைந்தாள்.

வேர்க்கவில்லை. மூச்சு முட்டவில்லை. கால் மாட்டிலிருந்து ஏறிய குளிர்ச்சி கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டபோது, நாள் முழுக்க உலைப் பக்கத்தில் வெந்த உடம்பு தண்ணீரில் இறங்கிய எருமை மாதிரி சுகத்தில் முனகியது. அப்படியே தூங்கிப்போனாள்.

கண்விழித்தபோது வெளியே சாயங்காலமாகியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து மைனாக்களின் சத்தம். தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன். அவள் பையின் ஒரு ஓரத்தில், முழங்காலை மடக்கி, இடம் விட்டுப் படுத்திருந்தாள். மார்பு வரை மட்டும் இழுத்திருந்த ஜிப் இப்போது மூக்குக்குக் கீழே வரை ஏறியிருந்தது. தூக்கத்தில் தானே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். எழுந்து வந்ததும் அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னாடி இப்படிச் சில்லுனு இருக்கே, ஏசியைச் சரிபண்ணிட்டியா என்று கேட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் அந்தத் தூக்கத்துக்காகவே அவள் வீட்டுக்கு அவசரமாக ஓடிவர ஆரம்பித்தாள். அறையும் மாறிக்கொண்டே வந்தது. கதவைத் திறந்தால் கணுக்காலைத் தொடும் குளிர். சுவரின் கீழ்ப்பகுதி ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் போல வியர்த்திருந்தது. பழைய பூண்டும் நாப்தலினும் மணந்துகொண்டிருந்த அறையில் இப்போது எந்த வாசனையும் இல்லை. துவைத்துக் காய்ந்த துணியில்கூட ஒரு வாசனை இருக்கும். இங்கே அதுவும் இல்லை, மூக்கே மரத்துப்போன மாதிரி. வெக்கை தாளாமல் ஹாலில் புரண்டுகொண்டிருந்த ஞானகுமாரி, மகள் வேலைக்குப் போனபின் தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினாள். உன் ரூம் சொர்க்கம்டி என்றாள்.

பிரசன்னாதான் முதலில் பயந்தான். உலையின் கதவைத் திறந்து செக்கச்செவேலென்ற தட்டை வெளியே இழுத்த நேரம் அது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வாங்க, ரெனிதா மட்டும் குறிப்பு எடுத்துக்கொண்டே வாய்ப்பக்கம் நின்றிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அவன் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் தன் சுடிதார் நுனி கருகியிருப்பதை அவள் பார்த்தாள். சூடு தெரியவில்லை என்று சொன்னாள். விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாள். அவையும் தெரியவில்லை.

கம்பெனி நர்ஸ் இரண்டு முறை தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, இது ரிப்பேர் என்று மேஜையில் போட்டாள்.

அன்று பிரசன்னா விசாரித்தபோதுதான் பையைப் பற்றி அவள் முழுதாகச் சொன்னாள். அவன் அதை நம்பாமல் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இந்த மாசத்துல அதுக்குள்ள சாயங்காலம் வரைக்கும் தூங்கினீங்களா என்று இன்னொருமுறை கேட்டான். அவள் ஆமாம் என்றாள்.

*

அன்று பயத்தைவிட வீம்புதான் அதிகம். ஒருமுறை விழிப்போடு படுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தாள். அம்மா பங்குக் கோயிலில் நவநாளுக்குப் போயிருந்தாள். வீட்டில் யாருமில்லை. ஜன்னல் இடுக்கில் நாலு மணி வெயில் ஒரு மஞ்சள் கோடாகச் சுவரில் கிடந்தது.

பைக்குள் நுழைந்து, வலப்பக்கம் ஒருக்களித்து, ஜிப்பை மார்பு வரை இழுத்து, கைகளை வெளியே வைத்துக்கொண்டாள். கைகள் வெளியே இருந்தால் தூக்கத்தில் எதையும் இழுக்க முடியாது. கீழ்வீட்டில் லோகநாயகி குக்கர் வைத்திருந்தாள், விசில் வந்தது. மின்விசிறியில் ஒரு கிளிக், ஒரு கிளிக் என்ற சத்தம். தூரத்தில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் ஓசை சீராக வந்து, நின்றுபோனது. பிறகு குக்கர் சத்தமும் நின்றது. மின்விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்கவில்லை. காதுக்குள் பஞ்சை அடைத்தது போல எல்லா ஓசையும் அமுங்கி, அந்த அமுக்கத்துக்கு அப்பால், வெகு தொலைவில், கல்லுப்புக் குவியலின் மேல் யாரோ நடப்பது போல ஒரு சத்தம்.

நறுக். நறுக்.

நிதானமாக. களைத்த ஆளின் நடை. ஒரு காலை இழுத்து இழுத்து.

ஹாலில் இல்லை. மாடிப்படியில் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. சத்தம் அங்கிருந்து வந்தது.

நின்றது.

ஜிப் அசைந்தது. ஒவ்வொரு பல்லாகக் கீழே இறங்கியது. அவள் கைகள் வெளியே இருந்தன, இரண்டும் கண்ணெதிரே, தலையணைமேல். அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் பை தூக்கப்பட்டது. குளிர் உள்ளே வந்தது. குளிரோடு இன்னொன்றும் வந்தது. நீளமாக. பாரமாக. மெத்தை அந்தப் பக்கம் இறங்கியது. அவள் முழங்கால் மடிப்புக்குப் பின்னால் ஒரு முழங்கால் பொருந்தியது. முதுகோடு ஒரு மார்பு. அது ஏறி இறங்கவில்லை. பிறகு ஜிப் மேலே ஏறத் தொடங்கியது. இடுப்பு. மார்பு. கழுத்து.

அது நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்கும் ஒரு மனுஷனைப் போல, பற்கள் கடகடக்க. அவள் உடம்பை அணைத்து, இன்னும் நெருங்கி, அணைத்து. மெல்ல அந்த நடுக்கம் அடங்கியது. அது அடங்க அடங்க அவள் நடுங்க ஆரம்பித்தாள்.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹாலில், தரையில், முட்டியில் ரத்தம் கசிய உட்கார்ந்திருந்தாள். அறைக்குள் கட்டில்மேல் பை தட்டையாகக் கிடந்தது.

*

தாட்சாயிணியின் எண்ணுக்குப் போன் செய்தாள். அயனம்பாக்கத்திலிருந்து பேசுகிறேன், பை வாங்கினேனே என்று ஆரம்பித்ததும் மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"குளிருதா?" என்றாள் தாட்சாயிணி.

ரெனிதா, பையைத் திரும்பக் கொண்டுவந்து தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். வேணாம்மா என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இணைப்பைத் துண்டித்தாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

அன்று ராத்திரி அம்மாவோடு சண்டை வந்தது. அறையைப் பூட்டி வைத்துவிட்டு ஹாலில் வந்து படுத்த மகளிடம் என்னவென்று கேட்டு, பதில் வராமல், ஞானகுமாரி கடைசியில் தன் மனத்தில் இருந்ததைக் கொட்டினாள். பனியில தனியா போய்த்தான் ஆவணுமா, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய்த் தேடுவேன், போவாதடி என்று அழுதாள். பயத்திலும் எரிச்சலிலும் ரெனிதா அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

"உன் பக்கத்துலயே கிடந்து கிடந்துதான் என் வாழ்க்கையே போயிடுச்சு. ஒரு தடவையாவது என்னை விடும்மா."

ஞானகுமாரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் காபி போட்டு வைத்தாள், பேசவில்லை. மத்தியானம் சாப்பாட்டை மூடி வைத்தாள், பேசவில்லை. ரெனிதா அறைக்குள் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு பையைச் சுருட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, வெளியே தூக்கி வந்தபோது அம்மா ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். போயிட்டு வரேன் என்று சொல்ல நினைத்தாள். திரும்பி வந்து சமாதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று கதவைச் சாத்தினாள். அறையைப் பூட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் பையைத் தூக்கி வந்தாயிற்றே.

ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் காலடியில் போட்டு, அதைத் தொடாமல் கால்களைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியே அனல் வீசியது. வேலப்பன்சாவடி திரும்பும்போது அவள் கழுத்தில் ஒரு வேர்வைத் துளி ஓடியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு. அவள் அழுதுவிட்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு ஓட்டினார்.

தாட்சாயிணி கம்பிக் கதவைத் திறக்கவில்லை. ஆனால் அவளைப் பார்த்ததும் ரெனிதா ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தாள். ஸ்வெட்டர் இல்லை. மெல்லிய வாயில் புடவை. கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. நெற்றி, மேலுதடு, கழுத்து எல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

"வீட்டுக்காரர் ஊர்ல இருந்து வந்துட்டாராக்கா? அவர்கிட்டயே குடுத்துடறேன்."

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சும்மா. ஆளையே கண்டுபிடிக்கலை. பனி இறங்கிடுச்சு, தேட முடியாதுன்னுட்டாங்க." தாட்சாயிணி குரலைத் தாழ்த்தினாள். "போன மார்கழியில வந்தாரு. இந்தப் பையைத் தேடிக்கினு."

தெருவில் ஒரு பூக்காரி கூவிக்கொண்டு போனாள். அவள் போகும்வரை தாட்சாயிணி காத்திருந்தாள்.

"முதல்ல பாவமா இருந்துச்சு. என் புருஷன்தானே, குளிர்ல கிடந்து போனவருதானேன்னு நானும் கூடப் படுத்துக்கினேன். பை எங்கம்மா சூடு குடுக்குது? உள்ள இருக்கறவங்க சூட்டத்தான் அது பிடிச்சு வெக்கும். அவருகிட்ட சூடு இல்ல. எங்கிட்ட இருந்துச்சு." ரெனிதாவின் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். "நானும் எவ்வளவு நாள்தான் குடுப்பேன்?"

ரெனிதா கயிற்றை அவிழ்த்தாள். பையை வாசல்படியில் போட்டாள். எனக்கு வேண்டாம், நீங்களே எரிச்சாலும் சரி, புதைச்சாலும் சரி என்றாள்.

தாட்சாயிணி குனிந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி, கழுத்துப் பக்கத் திறப்பில் விரல்களை நுழைத்தாள். உள்ளங்கை. மணிக்கட்டு. முழங்கை வரை. அவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. அதன் பிறகு அந்த நிம்மதி அப்படியே நின்றுபோனது.

"சுடுது," என்றாள்.

ரெனிதாவும் கையை விட்டுப் பார்த்தாள். உள்ளே ஆட்டோவின் சூடு, வெயிலின் சூடு, மே மாதத்துச் சூடு. கால் மாட்டு வரைக்கும்.

"இதுல அவர் இல்லம்மா." தாட்சாயிணி கையை இழுத்துக்கொண்டாள். "நீ கிளம்பும்போது வீட்டுல யார் இருந்தாங்க?"

*

திரும்பும் வழியெல்லாம் அம்மாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா எடுக்கவில்லை. சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. கண்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றிருந்தது. ரெனிதா இறங்கி ஓடினாள். தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. வேறொரு ஆட்டோவை மறித்து ஏறினாள். மறுபடி போன். மறுபடி. அம்மா சாயங்காலத்தில் தூங்க மாட்டாள். கோபமென்றாலும் போனை எடுப்பாள். எடுத்துவிட்டுப் பேசாமலாவது இருப்பாள்.

வீட்டு வாசலில் லோகநாயகி நின்றுகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ரெனி, ஏசி புச்சா மாட்னியா? எங்க ஊட்டு சீலிங்ல தண்ணியா சொட்டுது பாரு. உங்கம்மாவக் கூப்ட்டுக் கூப்ட்டு பாத்தேன், தொறக்கல."

ரெனிதா படியேறி ஓடினாள். படிக்கட்டின் திருப்பம் வரை வெயில். திருப்பத்துக்கு மேல் கைப்பிடிக் கம்பி சில்லிட்டிருந்தது. கதவுப் பூட்டில் சாவியை நுழைத்தாள். திறந்தாள்.

ஹாலில் அம்மாவின் கட்டில் காலி. ஜெபமாலை தரையில். மூடி வைத்த சாப்பாடு அப்படியே.

அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே பேச்சுக்குரல்.

அம்மாவின் குரல். மெதுவாக, தூக்கக் கலக்கத்தோடு, சின்ன வயதில் அவளுக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் பேசிய அதே குரல். ரெனிதா கதவைத் தள்ளினாள். அவள் விட்ட மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாகப் புகைந்தது.

ஞானகுமாரி மகளின் கட்டிலில், கதவைப் பார்த்து ஒருக்களித்து, கண்களை மூடிப் படுத்திருந்தாள். கழுத்து வரை போர்வை. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. இமை மயிரில் வெண்மையாக ஏதோ படிந்திருந்தது. ஆனால் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அவள் முதுகுக்குப் பின்னால், சுவருக்கும் அவளுக்கும் நடுவில், போர்வை ஒரு ஆள் நீளத்துக்கு மேடாக இருந்தது.

"கோவம் போயிடுச்சாடி?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல், பின்னால் இருந்ததிடம். "எனக்குத் தெரியும், நீ வந்து படுத்துக்குவேன்னு. எத்தினி வருஷமாச்சு, அம்மா பக்கத்துல நீ படுத்து."

போர்வைக்கு அடியில் மேடு நெருங்கியது.

ரெனிதா வாயைத் திறந்தாள். அம்மா என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை.

"ஏன்டி கை இப்படி ஐஸா கிடக்குது? இங்க குடு."

ஞானகுமாரி தன் இடுப்பின்மேல் கிடந்த கையை இழுத்தாள். போர்வைக்கு வெளியே அது வந்தது. அகலமான, ரோமம் அடர்ந்த ஒரு ஆணின் கை. மணிக்கட்டு வரை மெழுகு நிறம். விரல்கள் ஐந்தும் இரண்டாம் கணு வரைக்கும் கறுத்து, சுருங்கி, எரிந்த சுள்ளிகளைப் போல விறைத்திருந்தன. அம்மா அதைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். அவள் வாயிலிருந்து புகை வரவில்லை. பிறகு அதைத் தன் கழுத்துக்கடியில், சூடு இருக்கும் இடத்தில், கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா இருக்கேன்ல," என்றாள்.

அந்தக் கறுத்த விரல்களில் ஒன்று மெல்ல நீண்டது. நுனியிலிருந்து கறுப்பு வடிந்து இறங்கி, நகத்துக்கு அடியில் ரத்தம் ஏறி, அது மனிதத் தோலாகச் சிவந்துகொண்டு வந்தது. அடுத்து அதற்குப் பக்கத்து விரல்.